எல்லோருக்கும் ஒரே அழுகை

டண்டியில் தை மாதம் மூன்று நாளைக்கு
நான் திருமதி பெல்.
என் பூனை செத்துப்போச்சு. பெயர் ஹேமிஷ்.
காரைப் பின்னுக்கு எடுத்தது அயல்வீட்டுப் பிள்ளை,
அதாவது
கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற ஒவ்வொருவரும்.
எட்டு நிமிடத்துக்குள் அதை எனக்குச் சொல்ல வேண்டும்.
சொல்லும் விதத்துக்குப் புள்ளி.
இப்படிப் பத்து அறை தாண்டினால்
மருத்துவம் படிக்கலாம்.

மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறேன்.
நரம்பு பிடிபடாதவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள்.
அங்கே யாருக்கும் அழ வேண்டியதில்லை.

இங்கே தாளில் எழுதியிருக்கிறது:
இரண்டாம் நிமிடம் விரல்களைப் பிசையவும்.
நாலாம் நிமிடம் அழவும்.
காலை ஒன்பதுக்கு வருகிற பிள்ளைக்கும்
இருட்டின பிறகு வருகிற பிள்ளைக்கும்
அதே அளவு.
படியில் அரிசி அளக்கிறவன்
தலையைக் கையால் வழித்துவிடுவானே
அப்படி வழித்த கண்ணீர்.

ஒருவன் என் நிறத்தைப் பார்த்ததும்
சத்தமாய், சொல் சொல்லாய்ப் பேசினான்,
செவிட்டுக் காதில் சங்கு ஊதுவதுபோல.
வரிசையாய் ஐந்து பேர்
ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்:
'உங்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று
என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.'
ஐந்து பேரும் ஒரே இடத்தில் மூச்சுவிட்டார்கள்.
அந்த மூச்சைப் பழக்க
மணிக்கு நூற்றிருபது பவுண்ட் என்று
தேத்தண்ணி நேரத்தில் யாரோ சொன்னார்கள்.
பரிவை வார்த்தையில் காட்டினாரா?
காட்டினார். ஐந்துக்கு ஐந்து.

பதினேழுக்குக் கோட்டின் கை நீளம்.
இரவல் கோட்டு.
கதிரையின் நுனியில் இருந்து
'நான்தான் ஏத்திப்போட்டன். பார்க்கேல்ல' என்றான்
இந்த ஊர் இங்கிலீஷில்.
என் காதுக்கு அது அப்படித்தான் விழுந்தது.
பிறகு பேச்சில்லை.
நாலாம் நிமிடம் வந்தது. அழுதேன்.
அவன் கையை நீட்டவில்லை,
கண்ணை எடுக்கவும் இல்லை.

நான் கேட்டுவிட்டேன்.
தாளில் இல்லாத கேள்வி.
'இப்ப எங்க இருக்கு அவன்?'

'என்ர துவாயில சுத்தி வைச்சிருக்கிறன்.
வெளியில விடேல்ல, மழை.
நீங்க பார்க்கோணும் எண்டால் கொண்டுவாறன்.
வேண்டாமெண்டால் நான் வைச்சிருக்கிறன்.'

மணி அடித்தது.

பதினெட்டிடம் கேட்டேன், எங்கே இருக்கிறான் என்று.
பத்தொன்பதிடம் கேட்டேன்.
கடைசி ஆள்வரை கேட்டேன்.
ஒருத்தி 'குப்பைப்பை' என்று சொல்லத் தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
எனினும் அந்தப் பதினாறு பேர்
கேட்கப்படாமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
அவர்களிடமும் துவாய் இருந்திருக்கலாம்.
அந்த ஐந்து பேரிடமும்கூட.

பின்னேரம் ஐல்சாவிடம் போய்ச் சொன்னேன்.
அவள்தான் புள்ளிகளை ஆராய்கிறவள்,
சாப்பாட்டுக்குப் பிறகு நான் அரைப் புள்ளி கடுமை என்று
போன வருஷம் கோட்டுப்படம் போட்டுக் காட்டியவள்.
ஏசவில்லை. நன்றி என்றாள்.
கேள்வி கேட்கப்பட்ட எல்லோருக்கும்
இந்த அறையின் புள்ளி எடுபடாது,
மற்ற ஒன்பது அறைகளின் சராசரியைப் போடுவோம் என்றாள்.
அதுதான் நியாயம்.
நானும் தலையாட்டினேன்.

அவனுக்கு நான் போட்டது எத்தனை என்று
அவள் கேட்கவில்லை.
அவன் பெயர் எனக்குத் தெரியாது,
தெரியக்கூடாது.

இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் மேல்தட்டு.
கண்ணாடியில் புகார்.
டே ஆறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.
இருக்கிற பூனையென்று எனக்கு ஒன்றும் இல்லை,
ரோமம் ஒத்துவராது, தும்மல்.
ஹேமிஷ் மட்டும்
எங்கேயோ ஒரு வீட்டில்
ஈரத் துவாய்க்குள் இருக்கிறான்,
நான் இன்னும்
பார்க்கிறேன் என்றோ வேண்டாம் என்றோ
சொல்லவில்லை.